பேட்டரி தீர்ந்த தம்பூரா

சாக்ஸபோனும் கர்நாடக சங்கீதமும் எலக்ட்ரானிக் ஓசையும் ஒரே மேடையில் ஒத்துப்போக என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் இசைக்குழுவுக்காக எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஒத்துப்போன கச்சேரிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. வாசித்தோம், கை தட்டினார்கள், சாப்பிட்டோம், வேன் ஏறினோம். ஒத்துப்போகாத ஒரு கச்சேரியைப் பற்றி எழுதுகிறேன். எந்த ரீடு நல்லது, எந்த மைக் நல்லது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது கடையில் கிடைக்கிற விஷயம் இல்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, அதனால் அங்கங்கே சுற்றி வளைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேலத்தில் ஒரு பேண்டு செட்டில் சாக்ஸபோன் பிடித்தவன். மாப்பிள்ளை அழைப்பு, கட்சி ஊர்வலம், சாமி புறப்பாடு எல்லாவற்றிலும் நடந்துகொண்டே ஊதியிருக்கிறேன். சினிமாப் பாட்டு நாற்பது தெரிந்தால் அந்தக் காலத்தில் பிழைப்பு ஓடிவிடும். எனக்கு ராகம் வாசிக்க வேண்டும் என்று ஆசை. சாக்ஸபோனில் கமகம் வராது என்று சொன்னவர்கள் எல்லாரையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுபதுகளின் பாதியில் உட்கார்ந்தேன். நாலைந்து வருஷத்தில் உதடும் விரலும் கொஞ்சம் வசத்துக்கு வந்தன. பிறகு ஒரு எலக்ட்ரானிக் ஆர்கன்காரரும் ஒரு மிருதங்கக்காரரும் சேர்ந்தார்கள். ஒரு எக்கோ மிஷின் வாங்கினோம். சேலம், நாமக்கல் பக்கத்தில் எங்களை மாதிரி வேறு ஆள் கிடையாது. அந்த நினைப்பு தலைக்கு ஏறாமல் இருக்குமா?

முதலில் ஒரு சின்னக் கதை. மேச்சேரியில் ஒரு கோயில் விசேஷம். சித்திரை வெயிலில் சாக்ஸபோன் பெட்டியை வேன் மேலேயே விட்டுவிட்டேன். மேடையில் எடுத்து ஊதினால் சுருதி ஏறிக் கிடக்கிறது. பித்தளை சூடேறினால் அப்படித்தான். ஆர்கன்காரர் பல்வலி வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பிடித்து, "தப்பு என்னுதுங்க. இதை வெயில்ல காயப் போட்டுட்டேன். இது ஆறட்டும், நானும் ஒரு சோடா குடிச்சுக்கறேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. ஒருவர் நிஜமாகவே சோடா கொண்டுவந்து கொடுத்தார். தப்பை ஒத்துக்கொள்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே என்மேல் மதிப்பு கூடியது. அங்கே நான் இழக்க ஒன்றும் இல்லை, அதனால் சுலபமாக இருந்தது. அது அப்போது உறைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கமலவேணி எங்களோடு பாட வந்தார். பனமரத்துப்பட்டிக்காரர், இருபத்திரண்டு வயது. அப்பா பண்ணையத்தில் கூலி வேலை செய்கிறவர். சேலத்தில் ஒரு பாட்டு டீச்சரிடம் எட்டு வருஷம் பஸ் ஏறி வந்து முறையாகக் கற்றுக்கொண்ட பெண். அவர் காதின் நுட்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் ஆர்கனில் ஒரு கட்டை மட்டும் மயிரிழை குறைந்திருந்தது. ஆர்கன்காரருக்கே தெரியாது. இந்தப் பெண் பாடுவதை நிறுத்திவிட்டு, "அண்ணா, அந்த மூணாவது கட்டை சித்த எறங்கிப் பேசுதுங்க" என்றார். மெக்கானிக் வந்து திறந்து பார்த்து ஆமாம் என்றார்.

நாமக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். பள்ளியின் தாளாளர் லாரிகள் வைத்திருந்த பெரிய பண்ணையக்காரர். சங்கீதத்தில் ஆசை உள்ளவர், ஆனால் யாராவது நல்லது என்று சொன்னால்தான் நல்லது என்று நம்புகிறவர். பள்ளியில் பாட்டு டீச்சர் இடம் காலியாக இருந்தது. கமலவேணி அதற்கு எழுதிப் போட்டிருந்தார். அவரையும் அவர் அப்பாவையும் நான்தான் தாளாளரிடம் அழைத்துப் போனேன். தாளாளர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "சர்ட்டிபிகேட்டு எல்லாரும்தான் வெச்சிருக்கறாங்க அம்மிணி. விழாவுல பாடு, கேக்கறேன். நல்லாருந்துச்சுன்னா ஜூன் மாசம் வந்து சேந்துக்க." மேடையில் ஒரு மணி நேரம், அதற்கு அப்புறம் ஒரு வாழ்நாள் வேலை. வெளியே வந்ததும் அவர் அப்பா வேப்பமரத்தடியில் நின்று தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கியவர் அதுவரை யாரும் இல்லை.

அந்த விழாவுக்காக நான் ஒரு புதுமை செய்தேன். தெரிந்தவர் வீட்டில் தம்பூராவை மீட்டச் சொல்லி கேசட்டில் பதிந்து, அதோடு ஆர்கனின் நீண்ட ஓசையை எக்கோ மிஷின் வழியாகக் கலந்து அரை மணி நேரச் சுருதி தயார் செய்தேன். கேட்டால் தம்பூராவா காற்றா என்று தெரியாது, அப்படி ஒரு நாதம். நோட்டீஸில் 'எலக்ட்ரானிக் தம்பூரா' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். தாளாளரிடம், "மனுசன் சுருதி தப்பலாமுங்க, மிஷின் தப்பாதுங்க" என்று பீற்றிக்கொண்டும் வந்தேன். அவர் அதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஒத்திகையில் ஒரு சிக்கல் வந்தது. நான் கமகத்துக்காக ஸ்வரத்தை உதட்டால் வளைக்கும்போது கமலவேணியின் சுருதியும் என் பக்கம் சாய்ந்தது. எனக்குக் கோபம். "என்னைக் கேக்காதே. நான் எப்படி வாசிச்சாலும் சரி, யார் எங்க போனாலும் சரி, கேசட் பெட்டியைப் பிடிச்சுக்க. பெட்டிதான் உனக்குச் சுருதி" என்றேன். "சரிங்கண்ணா" என்றார். பிறகு ஒரு தடவைகூட என் பக்கம் சாயவில்லை. நீங்களும் ஒத்திகையில் இந்த மாதிரி கட்டளை போடுவீர்கள். போட்டது நினைவிருக்கட்டும்.

விழா சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. பள்ளி மைதானத்தில் மேடை. ஜெனரேட்டரிலிருந்து கரண்ட். கேசட் பெட்டியை அதில் மாட்டினால் ஒலிபெருக்கியில் ஜெனரேட்டரின் முனகல் சேர்ந்து வந்தது. உடனே வயரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் போட்டேன். முனகல் போனது. மிருதங்கக்காரர் எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், கச்சேரி மேடையிலேயே நரைத்தவர். அவர் கேட்டார்: "ஏப்பா, செல்லு புதுசா?"

"மூணு நாளு ஒத்திகைக்குத்தானுங்க ஓடியிருக்குது. தாங்குமுங்க."

"கடை பக்கத்துலதான இருக்குது?"

"தாங்குமுங்க" என்றேன் மறுபடியும்.

கடைக்குப் போய்வரப் பத்து நிமிஷம் ஆகும். முன்வரிசையில் தாளாளரும் வேறு இரண்டு பள்ளிக்கூடத்துப் பெரிய மனிதர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் பேட்டரி வாங்க ஓடுவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

கேசட் பெட்டியை, நாற்காலியில் உட்கார்ந்த கமலவேணியின் காலடியில் ஒரு ஸ்டூலில் வைத்து, அவருக்கு மட்டும் நன்றாகக் கேட்கும்படி ஒரு சின்ன ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன். கூட்டத்துக்கு அந்தச் சுருதி லேசாகத்தான் கேட்கும். ஐந்து கட்டைச் சுருதி. கல்யாணி ராகத்தை எடுத்தார். முதல் ஐந்து நிமிஷம் எப்படி இருந்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. மைதானத்தில் பிள்ளைகளின் சலசலப்பு தானாக நின்றது. தாளாளர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் நாற்காலிக் கையைத் தட்டினார். இந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தாயிற்று என்று நான் சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் யாரும் வாசிக்காமல் காத்திருக்க, அவர் ஆலாபனையை இருபது நிமிஷம் வளர்த்தார். அதற்குப் பிறகு நான் சாக்ஸபோனில் எடுக்க வேண்டும். எடுத்தேன். முதல் ஸ்வரத்திலேயே அவர் நீட்டிக்கொண்டிருந்த குரலும் என் சாக்ஸபோனும் ஒன்றோடொன்று உரசின. முன்வரிசையில் ஒரு டீச்சர் முகத்தைச் சுளித்தார். மேச்சேரி நினைவு வந்து, சாக்ஸபோன் ஏறிவிட்டதோ என்று ஆர்கன்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் ஐந்து கட்டையை அழுத்தினார். என் ஸ்வரம் அதில் அச்சாக உட்கார்ந்தது. அப்படியானால் நான் சரி. அந்தப் பெண்தான் இறங்கிவிட்டது. இதுதான் நான் போட்ட கணக்கு.

கமலவேணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் பலமாக ஊதினேன். ஆர்கன்காரரும் அழுத்தமாகச் சேர்ந்துகொண்டார். நாங்கள் இரண்டு பேர் ஒரு சுருதியில், அவர் தனியாக வேறொரு சுருதியில். எங்களுடையது ஒலிபெருக்கியில் முழங்குகிறது, அவருடையது தொண்டையிலிருந்து வருகிறது. கேட்கிறவர்களுக்கு யார் தப்பு என்று சொல்லவும் வேண்டுமா? அவர் பாடுவதை நிறுத்தினார். தன் காலடியில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் மிருதங்கக்காரர், மிருதங்கத்தின் மேல் கையை வைத்தபடியே, தாடையால் அந்தப் பெட்டியைக் காட்டினார். பார்த்தேன். பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கிப் போய், இருக்கிறதா இல்லையா என்று இருந்தது. கேசட் சக்கரம் அலுப்போடு சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரத் தீர டேப் மெதுவாகியிருக்கிறது. டேப் மெதுவானால் சுருதி இறங்கும். இருபது நிமிஷத்தில் அது அரைக் கட்டைக்கு மேல் இறங்கியிருந்தது. ஒரேயடியாக இறங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். வேறு யாராவது சுமாரான காது உள்ளவர் பாடியிருந்தால் பெட்டியைக் கவனிக்காமல் தன் போக்கில் பாடி, எங்களோடு ஒத்துப்போயிருப்பார். இவர் நான் சொன்னபடி பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அது இறங்க இறங்க இழை பிசகாமல் கூடவே இறங்கியிருக்கிறார். அந்த மேடையில் சுருதி சுத்தமாகப் பாடியது அவர் ஒருவர்தான், அதற்குத்தான் தண்டனையும்.

எனக்கு அப்போது எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை, பதற்றம், குழப்பம் என்றெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியே இல்லை. செய்ய வேண்டியது என்ன என்றும் தெரியும். நாலு எட்டு நடந்து பெட்டியை அணைத்து, மைக்கில் 'மிஷின் பேட்டரி தீர்ந்துவிட்டது, பாடகி பாடியது சரி' என்று சொல்லி, ஆர்கனில் சுருதி கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் கச்சேரி நிமிர்ந்திருக்கும். நான் மைக்கை எடுத்தேன். முன்வரிசையில் தாளாளர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் தப்பாது என்று நான் பீற்றிக்கொண்டது அவரிடம்தான், பக்கத்தில் அந்த இரண்டு பெரிய மனிதர்களும்.

"பெரியவங்க மன்னிக்கணும். நம்ம பாடகிக்குக் காலையில இருந்தே தொண்டை கொஞ்சம் சரியில்லீங்க. இருந்தாலும் உங்க ஆசீர்வாதத்துக்காக வந்து பாடியிருக்கறாங்க. ஒரு கை தட்டி உற்சாகப்படுத்துங்க" என்றேன்.

கை தட்டினார்கள். பாருங்கள், எவ்வளவு பரிவான வார்த்தைகள். திட்டியிருந்தால்கூட அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? நான் குனிந்து, எதையோ ஒழுங்குபடுத்துகிறவன் மாதிரி பெட்டியை அணைத்தேன். அப்போது அவர் பாதம் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஆர்கன் சுருதியை வைத்துக்கொண்டு நான் தனியாக நாற்பது நிமிஷம் வாசித்தேன். மேடையை விட்டு இறங்கினால் மரியாதை இல்லை என்று அவர் மடியில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். தொண்டை சரியில்லை என்று சொல்லியாகிவிட்டதால் மறுபடி வாய் திறக்கவும் வழி இல்லை. அன்றைக்கு நான் நன்றாக வாசித்தேன் என்று சொன்னார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் தாளாளர் கமலவேணியிடம், "தொண்டையப் பாத்துக்க அம்மிணி. பாட்டு டீச்சருக்கு அதுதான மூலதனம்? முக்கியமான நாள்ல இப்படிப் படுத்துச்சுன்னா புள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுப்ப?" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார், பொல்லாத மனிதர் இல்லை. "சரிங்க" என்றார் கமலவேணி. நான் பக்கத்தில் பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கடுத்து நடந்ததுதான் இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது நினைவுக்கு வருகிறது. அவர் அப்பா என்னிடம் வந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"புள்ள பாட முடியாம நின்னப்ப எனக்கு உசுரே இல்லீங்க சாமி. நீங்க நல்ல வார்த்தை சொல்லி மானத்தக் காப்பாத்திப் போட்டீங்க. உங்கள மறக்க மாட்டமுங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதனாலென்னங்க" என்றேன்.

வேனில் ஏறப்போகும்போது மிருதங்கக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பனும் மகளும் இன்னும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகலை. தாளாளரும் உள்ளதான் இருக்கறாரு. ரண்டு பேரையும் பாத்து உள்ளதச் சொல்லிட்டு வா. அப்பறம் வண்டிய எடுக்கலாம்."

"நாளைக்குச் சொல்லிக்கறேனுங்க. இப்ப கூட்டமா இருக்குது."

"கூட்டத்துலதான கெடுத்த?" என்றார். பிறகு வேனில் ஏறி உட்கார்ந்தார். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் மரியாதையாக, "தேதி இல்லப்பா" என்றே சொல்லிவிட்டார். அவரிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், அதையும் அன்று கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் தாளாளரைப் பார்க்க நாமக்கல் போனேன். நம்புங்கள், சொல்வதற்காகத்தான் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "உங்க எலக்ட்ரானிக் தம்பூரா இல்லீனா அன்னிக்கு மானம் போயிருக்குமுங்க. நம்ம சொந்தக்காரரு எருமப்பட்டியில ஒரு விழா வெச்சிருக்கறாரு, ஒசூர்லயும் ஒருத்தரு கேட்டாரு" என்று ஆரம்பித்தார். காப்பி வந்தது. குடித்தேன். பாட்டு டீச்சர் இடத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சரி, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையில் அன்று சொல்லியிருந்தால் ஆகியிருக்கும். அவருக்கு இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. எருமப்பட்டி விழாவுக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

கமலவேணி பிறகு எங்கள் குழுவுக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. ஏழெட்டு வருஷம் கழிந்தது. அதற்குள் கீபோர்டும் ரிதம் பாக்ஸும் வந்து எங்கள் கேசட் தம்பூரா பழங்கதையாகிவிட்டது. தாளாளரும் காலமாகிவிட்டார். அவர் போன பிறகுதான் எனக்கு உண்மை பேசும் தைரியம் வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பனமரத்துப்பட்டிக்கு விசாரித்துக்கொண்டு போனேன்.

வாசலில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி அதே ஊரில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்கண்ணா, ஊட்டுக்குள்ள வாங்க" என்று பாய் விரித்தார். அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன். பேட்டரி, டேப், மிருதங்கக்காரர் தாடையால் காட்டியது, எனக்குத் தெரிந்தே பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"பொட்டி எறங்குனது எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார். "என்ற காலுக்குக் கீழதான இருந்துச்சு. எப்படியும் நீங்க சொல்லிருவீங்கன்னு பாத்துட்டே உக்காந்திருந்தேன்."

"உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னுதாம்மா வந்தேன்."

அவர் காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தொண்டை சரியில்லைன்னு ஊருக்கே கேக்கற மாதிரி மைக்குல சொன்னீங்க. எங்கப்பன் சாகற வரைக்கும் அதையேதான் நம்பிட்டிருந்தாரு, எனக்குக் கசாயம் வெச்சுக் குடுத்துட்டே இருந்தாரு. நெசத்த மட்டும் என்ற ஊட்டுக்குள்ள வந்து, எனக்குத் தெரிஞ்சதையே எனக்குச் சொல்றீங்க. நான் மன்னிச்சு என்னங்கண்ணா ஆவுது?"

 எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ மேடை ஏறினேன். ஒவ்வொன்றிலும் கையில் மைக் இருந்தது. நன்றி சொன்னேன், ஜோக் அடித்தேன், பேட்டரி மாற்றுவது எப்படி என்றுகூட வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்லவில்லை.

நீங்கள் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது முதலில் கமகத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு பேர் முன்னால் கெடுத்ததை நாலு பேர் முன்னால்தான் திருத்த வேண்டும். அன்றைக்கே, அதே மைக்கில். எனக்கு அது தெரிந்தும் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இதை உங்கள் குழுவில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நாமக்கல்லில் அன்று சாயங்காலம் கமலவேணியின் தொண்டையில் எந்தக் குறையும் இல்லை. சுருதி இறங்கியது என் பெட்டியில். அது எனக்குத் தெரியும்.